மூன்று தராசுக்கு ஒரு ஹப்

எங்கள் குப்பத்தின் ஏலக்கூடத்திற்குக் கணினி வந்து சேர்ந்த அன்றே அதன்மீது ஐயமும் வந்து சேர்ந்தது. ஐயத்திற்கு முதற்காரணம் அதன் உருவம். பொன்னேரி அலுவலகங்களில் எங்கள் ஊரார் பார்த்திருந்த கணினி, மேசைக்கடியில் இரும்புப் பெட்டி போல நிற்கும். இதுவோ பள்ளிப் பிள்ளைகள் கொண்டுசெல்லும் சோற்று டப்பாவின் அளவே இருந்தது.

"இத்தையா கம்ப்யூட்டர்னு குடுத்தனுப்பிச்சானுங்க? மிச்சத்த எவன் துன்னான்?" என்று கோவிந்தம்மா அத்தை கேட்டார்.

"அத்தே, இப்பல்லாம் சின்னதாத்தான் வருது. வேல அதேதான்" என்றேன்.

"சின்னதா வந்தா சின்ன வேலதான் செய்யும். நான் பாக்காத நண்டா?"

கூடத்தில் இருந்தோர் அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன். பின்னாளில் அந்தச் சிரிப்புக்காக வருந்தினேன்.

என் பெயர் அமுதவல்லி. பிறந்த ஊர் சுண்ணாம்புக்குளம். நடுப் பங்கைச் சேர்ந்த தினகரனை மணந்து இக்குப்பத்திற்கு வந்தேன். பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் திருமணத்திற்குப் பின்னரே தனித்தேர்வராக எழுதித் தேறினேன். கணினிப் பயிற்சியும் முறையாகப் பெற்றேன். ஏலக்கூடத்துக் கணினியின் முன்னே அமரும் பொறுப்பு இவ்வாறுதான் எனக்குக் கிடைத்தது. அது வெளியூரிலிருந்து வாழவந்த ஒருத்திக்குக் கிடைத்துவிட்டதே என்ற மனக்குறை சிலருக்கு இருந்ததையும் நான் அறிவேன்.

எங்கள் குப்பத்தில் மூன்று பங்குகள் உள்ளன: வடக்கு, நடு, தெற்கு. ஏரியில் இறால் பிடிக்கச் சுத்துவலை கட்டும் இடங்களை இம்மூன்று பங்கினரும் முறை வைத்து மாறி மாறி அனுபவிப்பர். அந்த ஏற்பாட்டிற்குப் பாடு என்று பெயர். வத்தத்தின்போது, அதாவது ஏரித்தண்ணீர் கடலை நோக்கி வடியும்போது, இறால் நீரோடு சேர்ந்து முகத்துவாரத்தை நோக்கி வரும். முகத்துவாரத்தை ஒட்டி எவர் வலை கட்டுகிறாரோ அவருக்கே மிகுதியான இறால் கிடைக்கும். ஆதலால் அந்த இடத்தை எவரும் நிலையாக வைத்துக்கொள்ள முடியாது. இன்று ஒரு பங்கினர் கட்டினால் அடுத்த முறை வேறொரு பங்கினர் கட்டுவர். முறை தவறினால் கத்தி எடுப்பர். தவறாதிருக்கும்வரை ஒரே குழம்புச் சட்டியில் கைவிடுவர்.

ஏலக்கூடத்திற்கு ஒரு பொதுத்தராசு போதும் என்று நான் கூறினேன். ஒருவரும் இசையவில்லை. ஒவ்வொரு பங்கினரும் தத்தம் மின்தராசைக் கொண்டுவந்தனர். மூன்று தராசுகளின் எடையும் கணினிக்கு வந்து, சுவரில் மாட்டிய பெரிய திரையில் மூன்று கட்டங்களில் தெரிய வேண்டும். திரையைப் பார்த்தே ஏலம் கூறப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. ஆனால் அச்சிறு கணினியின் முதுகில் இருந்த துளைகளோ மிகக் குறைவு. விசைப்பலகையும் அச்சுப்பொறியும் அவற்றைப் பிடித்துக்கொண்டன.

"ஒரு ஹப் வாங்கிடுங்கக்கா. ஒரு ஓட்டைல சொருவுனா பல ஓட்ட கெடைக்கும்" என்றான் முரளி. எடை மென்பொருளை அமைத்துக் கொடுத்த பொன்னேரிப் பையன் அவன்.

பொதுப்பொருளை ஒருவர் கையால் வாங்குவது எங்கள் குப்பத்தில் வழக்கமில்லை. எனவே வடக்குப் பங்கின் சார்பில் கோவிந்தம்மா அத்தை என்னுடன் சென்னைக்குப் புறப்பட்டார். தெற்குப் பங்கினர், கைப்பேசியில் படம் அனுப்பினால் போதும் என்றனர். அப்பங்கைச் சேர்ந்தவரே ஊர்த்தலைவர் சுப்பராயலு என்பதால் அவர்களுக்கு அவ்வளவு துணிவு.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது டாக் எனப்படும் தட்டையான பெட்டி. கணினியின் அதே நீள அகலத்தில், அதற்கு அடியில் பொருந்தி உட்காரும்படி செய்யப்பட்டிருந்தது. எனக்கு அது மிகவும் பிடித்தது. கோவிந்தம்மா அத்தை அதைக் கையில் வாங்கி, மீனின் செவுளைப் பார்ப்பவர் போல நான்கு பக்கமும் பார்த்து, கவிழ்த்தார். அடியில் ஒரு மூடி இருந்தது. நகத்தால் நெம்பித் திறந்தார்.

"உள்ள காலியா கீது?"

"கூடுதலா மெமரி போட்டுக்கலாம்மா" என்றார் கடைக்காரர்.

"நாங்க போட்டுக்கலன்னா?"

"காலியாவே இருக்கும்."

"வேற எவனாச்சும் போட்டுக்குனா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கூடையின் அடியில் இன்னொரு தட்டுப் பின்னி, அதற்குள் ஈரமணலை மறைத்து எடை கூட்டிய ஒரு வியாபாரியைச் சந்தையில் பிடித்துக் கொடுத்தவர் அத்தை. அடியில் மூடி உள்ள எப்பொருளையும் அவர் கூடத்திற்குள் விடமாட்டார் என்பது எனக்கு விளங்கிற்று.

அடுத்து வந்தது ஒரு மெல்லிய ஹப். அதற்கெனத் தனி அடாப்டர் கிடையாது. தனக்கு வேண்டிய மின்சாரத்தையும் தன்னில் செருகப்படுபவற்றுக்கு வேண்டிய மின்சாரத்தையும் அது கணினியிடமிருந்தே உறிஞ்சும். சுமை மிகுந்தால் இணைப்பு அறுபடும். ஏலம் நடக்கும்போது அறுபட்டால் என் கதி என்னவாகும்? அதை நான் மறுத்தேன்.

மூன்றாவதாக, அடாப்டருடன் கூடிய இரும்பு நிற ஹப் ஒன்று வந்தது. முழக்கோல் போல நீண்டு, துளைகள் வரிசையாக அமைந்து, ஒரு முனையில் கணினிக்குச் செல்லும் கம்பி புறப்பட்டது.

"இதுக்கு இன்னாத்துக்குத் தனியா கரண்டு? ஒயரு சொருவிக்கறதுக்கு வாய தொறந்துனு இருக்கறதத் தவிர இது இன்னா வேல செய்யுது?" என்றார் அத்தை.

"தனியா கரண்டு இருந்தாத்தான் அத்தே எல்லாத்துக்கும் பத்தும்."

"நீ சொல்ற. பாப்போம்."

கண்ணாடிப் பேழைக்குள் வட்டமான ஹப் ஒன்றும் இருந்தது. துளைகள் சுற்றிலும் அமைந்திருந்தன. கம்பி அடிவயிற்றின் நடுவிலிருந்து இறங்கியது. அதற்கும் அடாப்டர் உண்டு என்றார் கடைக்காரர்.

"இது இன்னாடி, மெதுவட?" என்று அத்தை கேட்க, கடைப்பையன்கள் சிரித்துவிட்டனர்.

"ரெண்டும் ஒரே வேலதாம்மா. எது வேணுமோ எடுத்துக்கங்க."

நான் நீண்டதையே தேர்ந்தேன். அது அலுவலகப் பொருள் போல மிடுக்காக இருந்தது. வட்டமானது குழந்தைகளின் விளையாட்டுப் பொருளை ஒத்திருந்தது. ஊர்க் கூடத்தின் மேசைமேல் வடை போன்ற ஒன்றை வைத்துக்கொண்டு அமர என் மனம் ஒப்பவில்லை. தேர்வுக்கு நான் கொண்ட காரணம் இதுவே. வேறு எதுவுமில்லை.

மறுநாள் முரளி வந்து மூன்று தராசுகளையும் அந்த ஹப்பில் செருகினான். ஊரில் வழக்கமாகக் கூப்பிடும் வரிசைப்படி முதல் துளையில் வடக்கு, இரண்டாவதில் நடு, மூன்றாவதில் தெற்கு. ஒவ்வொன்றுக்கும் கணினியில் பெயரிட்டுவிட்டு, பேருந்துக்கு நேரமாகிறது என்று ஓடினான்.

தலைவர் சுப்பராயலு மேசையருகே வந்து குனிந்து பார்த்தார்.

"வடக்குக்கு ஏம்மா மொத ஓட்ட?"

"எந்த ஓட்டையா இருந்தாலும் ஒண்ணுதான் தலைவரே. எல்லாம் சமம்."

"சமம்னா வரிசைல ஏன் வெச்சான்?"

அவர் நிமிர்ந்து பொன்னுரங்கம் மாமாவைப் பார்த்தார். கூடத்தின் சாவியை வைத்திருப்பவரும், பாடு மாறும் நாளில் எந்தப் பங்குக்கு எந்த இடம் என்று உரக்கக் கூறுபவரும் மாமாவே. அவர் மெல்லத் தலையசைத்தார். நான் அதைக் கவனித்தேன். அதற்குப் பொருள் தேடவில்லை.

தொடக்கத்தில் எல்லாம் செம்மையாக நடந்தது. ஒருநாள் காலை, கூட்டம் மிகுந்திருந்த வேளையில், கோவிந்தம்மா அத்தை தம் பங்கின் தராசில் கூடையை வைத்தார். எடையைப் பதிவு செய்ய நான் வடக்கு என்ற பொத்தானை அழுத்தினேன். ஏலம் கூறுபவர் திரையைப் பார்த்து எடையைக் கூவினார்.

"நிறுத்துய்யா!" என்று அத்தை இரைந்தார். "தராசுல ஒண்ணு கீது, சொவத்துல ஒண்ணு கீது. நடுவுல எவன் துன்னது?"

அவர் கூறியது உண்மை. தராசின் முகப்பில் காட்டிய எடைக்கும் திரையில் தெரிந்த எடைக்கும் பெரும் வேறுபாடு இருந்தது. நான் கணினியை அணைத்து மீண்டும் இயக்கினேன். வேறுபாடு நீங்கவில்லை. அன்று தராசைப் பார்த்தே ஏலம் நடந்தது. சில நாட்களுக்குப் பின் எல்லாம் தானாகச் சரியாயிற்று. நான் பெருமூச்சு விட்டேன். பாடு மாறிய மறுநாள் மறுபடியும் பிழை. இம்முறை தெற்குப் பங்கினர் கூச்சலிட்டனர்.

எப்போதுமே பிழையான கருவியை மனிதர் பழுது என்பர். சில நாள் சரியாகவும் சில நாள் பிழையாகவும் இருக்கும் கருவியைச் சூது என்பர். எங்கள் குப்பத்தாரும் அவ்வாறே எண்ணினர். தராசு சரி; திரையும் சரி; இடையில் இருப்பது அந்த நீளப் பெட்டி மட்டுமே. அதைத் தேர்ந்தவள் நான்.

தண்ணீர்க் குழாயடியில் பேச்சு எழுந்தது. நான் வருவதைக் கண்டும் அது ஓயவில்லை.

"அவ ஊரு யாபாரி ஒர்த்தன் ஏலத்துக்கு வர்றான் இல்ல, மீச வெச்சினு?"

"அவனா? அவன் இவளுக்கு இன்னா மொற?"

"மொற இல்லன்னா இன்னா, ஒரே ஊரு தண்ணி."

"அதான் பொட்டிக்குத் தனியா கரண்டு கேட்டாளாம். கோவிந்தம்மா அன்னிக்கே சொன்னா."

குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டேன். மீசை வைத்த அந்த வியாபாரியின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

நான் முரளியை அழைத்தேன். அவன் வந்த நாளில் மூன்று கட்டங்களும் பிசகாமல் எடை காட்டின. கல் வைத்தோம், கூடை வைத்தோம், முரளியே ஏறி நின்றான். எல்லாம் சரி.

"சாஃப்ட்வேர்ல ஒண்ணும் இல்லக்கா. நீங்க வாங்குன ஹப்புதான் டூப்ளிகேட்டா இருக்கும். இல்லன்னா..." என்று நிறுத்தினான்.

"இல்லன்னா?"

"ஒண்ணும் இல்லக்கா."

அவன் விழுங்கிய சொல் எதுவென்று எனக்குத் தெரியும். அவனும் என்னை ஐயுற்றான். நானும் அவனை ஐயுற்றேன். பொன்னேரியில் இருந்தபடியே இக்கணினிக்குள் நுழையும் வழி அவனிடம் உண்டு அல்லவா?

அன்று மாலை ஊர் கூடிற்று. தலைவர் குரலை உயர்த்தவில்லை. அவர் குரலை உயர்த்தாத நாட்களிலேயே நாங்கள் அஞ்சுவோம்.

"அமாவாசைக்குப் பாடு மாறுது. கல்லடிப் பாடு நடுப் பங்குக்கு வருது. மொத வல தினகரன் வூட்டுது. அதுக்குள்ள இந்தப் பொட்டி விசயம் இன்னான்னு அந்தப் பொண்ணு ஊருக்குச் சொல்லிடணும். சொல்லலன்னா இந்த சீசனுக்கு அந்த வூட்டுக்குப் பாடு இல்ல."

கல்லடிப் பாடு என்பது முகத்துவாரத்தை ஒட்டிய முதல் இடம். மழை ஓய்ந்து இறால் இறங்கும் பருவத்தில், அமாவாசை வத்தத்தில் அங்கே வலை கட்டும் வாய்ப்பு ஒரு வீட்டாருக்கு எப்போதோ ஒருமுறைதான் வரும். அதற்கென என் கணவர் வலையைப் பழுது பார்த்து, புதிய கழிகளை நீரில் ஊறப்போட்டு வைத்திருந்தார்.

வீட்டிற்கு வந்ததும் அவர் வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். முடிச்சுகளைத் தடவிக்கொண்டே, என்னைப் பாராமல் கேட்டார்.

"ஏ அமுதா, மெய்யாலுமே நீ அந்தப் பொட்டில ஒண்ணும் பண்ணலியே?"

நான் சோற்றைத் தட்டில் இட்டேன்.

"கேட்டா தப்பா? ஊரே கேக்குது. நான் கேக்கக் கூடாதா?"

"ஊரு கேட்டப்ப எனக்கு ஒண்ணும் ஆவல."

தட்டு அப்படியே இருந்தது.

அதன் பின்னர் ஒரு நாள் வாடைக்காற்று கடுமையாக வீசிற்று. படகுகள் இறங்கவில்லை. கோவிந்தம்மா அத்தை மட்டும் கரையோரம் கையால் தடவிப் பிடித்த இறாலை ஒரு சிறு கூடையில் கொண்டுவந்தார். கூடத்தில் வேறு கூடையே இல்லை. அவர் கூடையை வடக்குத் தராசில் வைத்தார். நான் பொத்தான் எதையும் அழுத்தாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடக்கின் கட்டத்தில் சுழியம். நடுவின் கட்டத்திலும் சுழியம். தெற்கின் கட்டத்தில் அத்தையின் இறால், சற்றும் குறையாமல் நின்றது.

எடையை எவரும் தின்னவில்லை. அது வேறொருவர் கட்டத்திற்குப் போய் அமர்ந்திருக்கிறது. நெரிசலில் மூன்று கட்டங்களும் ஓயாமல் மாறிக்கொண்டிருந்ததால் இது கண்ணில் படவில்லை. நான் மேசைக்கடியில் குனிந்து கம்பிகளைப் பின்தொடர்ந்தேன். மூன்றும் ஒரே கறுப்பு, ஒரே தடிமன். வடக்குத் தராசின் கம்பி மூன்றாவது துளையில் இருந்தது.

"இன்னாடி கீழ பூந்துனு கீற?" என்றார் அத்தை.

"ஒண்ணும் இல்ல அத்தே. ஒயரு லூசா கீதானு பாத்தேன்."

அவரிடம் நான் கூறவில்லை. மாற்றியவர் அவராகவே இருக்கக்கூடாதா? மூடியைத் திறந்து பார்க்கும் விரல் அவருடையது. தலைவராக இருக்கலாம், தெற்கின் கட்டத்தில்தானே எடை ஏறியிருக்கிறது. முரளி ஒருவனை மட்டும் என்னால் விலக்க முடிந்தது. பொன்னேரியில் இருந்துகொண்டு எவரும் கம்பியைப் பிடுங்கிச் செருக இயலாது. வலை பின்னும் நூலில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என மூன்று நிறங்களை வாங்கி, கம்பிகளின் கழுத்தில் கண்ணில் படாதவாறு கட்டினேன். கம்பிகளை முரளி வைத்த வரிசைக்கே மாற்றிவிட்டு, ஒருவரிடமும் கூறாமல் காத்திருந்தேன்.

அமாவாசைக்கு முன்னதாக ஒருமுறை பாடு மாறிய மறுநாள் விடியலில், ஐஸ் வண்டி வரும் வேளைக்கே கூடத்திற்குச் சென்றேன். உள்ளே விளக்கு எரிந்தது. கம்பிக் கதவின் வழியே பார்த்தேன். பொன்னுரங்கம் மாமா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, மேசைமுன் குந்தியிருந்தார். ஏரிக்கரையில் நின்று பாடு கூறும் அதே இராகத்தில், ஆனால் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே கம்பிகளைப் பிடுங்கிச் செருகினார்.

"வடக்கு எறங்கு... நடு மின்ன வா... தெக்கு, நீ குந்து."

நான் கதவைத் தள்ளினேன். அவர் திடுக்கிடவில்லை.

"இன்னாம்மா, ஜல்தியா வந்துட்ட?"

"மாமா, இன்னா பண்றீங்க?"

"இன்னா பண்றேன். நேத்து பாடு மாறுச்சில்ல, இதுக்கும் மொற மாத்துறேன்."

"யாரு மாத்தச் சொன்னது?"

"ஒர்த்தர் சொல்லணுமா? மொத ஓட்ட, கடசி ஓட்டன்னு வரிச வந்துட்டா மொற வந்துதானே ஆவணும்? மொத ஓட்டைலயே வடக்க வுட்டு வெச்சா நாளைக்கு மத்தவன் சும்மா இருப்பானா?"

"எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

அவர் என்னை வியப்புடன் பார்த்தார். "கூடம் பெருக்கறத்த உங்கிட்ட சொல்லிட்டா பெருக்கறேன்?"

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. ஆயினும் என் மனம் அமைதியடையவில்லை. ஊர் நடுவே கேட்டால் ஆம் என்பாரா? தலைவர் கண்காட்டினால் இல்லை என்றுவிட்டால்? அன்றே கூட்டம் வைக்குமாறு கேட்டேன். கம்பிகளை அவர் செருகியபடியே விட்டுவிட்டேன்.

மாலையில் ஊரார் கூடத்தில் கூடினர். என் கணவர் தூணோரம் நின்றார். நான் தெற்குத் தராசில் ஒரு ஐஸ் பாளத்தைத் தூக்கி வைத்தேன். தெற்கின் கட்டம் அசையவில்லை. நடுவின் கட்டத்தில் எடை ஏறிற்று. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"பாத்தியா? நடு. அவ வூட்டுப் பங்கு" என்று எவரோ கூறினார்.

"மாமா, இந்த ஒயர நீங்க மாத்துனீங்களா?" என்று கேட்டேன்.

மாமா எழுந்து நின்றார். தலைவரைப் பார்த்தார். தலைவர் அசையவில்லை.

"ஆமா, மாத்துனேன். ஒவ்வொரு பாட்டுக்கும் மாத்துறேன். மாத்தலன்னாத்தானே தப்பு?"

நான் எதிர்பார்த்த ஆரவாரம் எழவே இல்லை. ஊரார் தலையசைத்தனர். வடக்கும் தெற்கும் சேர்ந்தே தலையசைத்தன.

"அவுரு செஞ்சது சரிதானே? அதுல இன்னா கீது?" என்றார் தலைவர்.

மாமாவின் கை குற்றமற்றது என்று தீர்ப்பாகிவிட்டால், குற்றம் மீண்டும் என் பெட்டியையே சேரும். அச்சத்தில் பாடநூல் சொற்கள் யாவும் எனக்கு மறந்துபோயின. எங்கள் ஏரியே நினைவுக்கு வந்தது.

"தலைவரே, கல்லடிப் பாட்டுக்கு அந்தப் பேரு எங்க கீது? வல கட்றவங்கிட்டயா, எடத்துலயா?"

"எடத்துலதான். இது இன்னா கேள்வி?"

"வடக்கு வந்து கட்னாலும் அது கல்லடிப் பாடுதானே? தெக்கு வந்து கட்னாலும்?"

"அதேதான்."

"இந்தக் கம்ப்யூட்டரும் அப்பிடித்தான். முரளி பேரு வெச்சது தராசுக்கு இல்ல, ஓட்டைக்கு. மொத ஓட்டைக்கு வடக்குனு பேரு. அதுல எந்தத் தராசு வந்து குந்துனாலும் அது வடக்குனுதான் எழுதும். ஆளு மாறுவாங்கனு அதுக்கு யாரும் சொல்லித் தரல."

நான் கம்பிகளைப் பிடுங்கி, நூலின் நிறம் பார்த்து, பழைய வரிசையில் செருகினேன். ஐஸ் பாளத்தின் எடை தெற்கின் கட்டத்திற்கு நகர்ந்தது. மறுபடி மாற்றினேன், நடுவிற்குப் போயிற்று. பாளம் உருகித் தண்ணீர் தரையில் ஓடும்வரை மாற்றி மாற்றிக் காட்டினேன். நடுப்பங்குக் கிழவர்கள்கூட எழுந்து வந்து பார்த்தனர்.

"அப்ப இனிமே மாத்தாத இருந்துட்டா சரியாப் பூடும்?" என்றார் தலைவர்.

"ஆமாங்க."

"மாத்தாத எப்பிடி இருக்கறது? மொத ஓட்ட வடக்குக்கே பட்டா போட்டுக் குடுத்துடறதா?"

"மொத ஓட்டைக்கு ஒண்ணும் ஒசத்தி இல்ல தலைவரே. கரண்டு தண்ணி மாதிரி கெடயாது. எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல போவுது."

"நீ பாத்தியா?"

நான் பார்த்ததில்லை. படித்ததுண்டு. அதை அவ்விடத்தில் கூறினால் பயன் இராது. கூட்டம் மூன்றாகப் பிரிந்து பேசத் தொடங்கிற்று. அமாவாசை நெருங்கிக்கொண்டிருந்தது. தூணோரம் நின்ற என் கணவர் முதன்முறையாக வாய் திறந்தார்.

"அவ மேல தப்பு இல்லன்னு மட்டும் சொல்லிடுங்க தலைவரே. பாடு அப்பறம் பாத்துக்கலாம்."

தலைவர் விடை கூறுவதற்குள் கோவிந்தம்மா அத்தை புடவையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஏண்டி அமுதா, அந்தக் கடைல ஒரு மெதுவட இருந்துதே?"

"இருந்துது அத்தே."

"அதுல மொத ஓட்ட எது?"

நான் நினைத்துப் பார்த்தேன். கண்ணை மூடியும் நினைத்துப் பார்த்தேன். "இல்ல அத்தே. அதுல மொதலும் இல்ல, கடசியும் இல்ல."

"பின்ன அத்த வுட்டுட்டு இந்த முழக்கோல ஏண்டி வாங்குன?"

அலுவலகப் பொருள் போல மிடுக்காக இருந்ததால் வாங்கினேன் என்று அத்தனை பேர் நடுவே எவ்வாறு கூறுவது? "தப்புதான் அத்தே" என்றேன். குப்பம் என்னிடம் கேட்டு வாங்கிய ஒரே ஒப்புதல் அதுதான். தலைவருக்கும் அது போதுமானதாக இருந்தது. நடுப் பங்கின் முதல் வலை தினகரனுடையதே என்று அங்கேயே கூறினார்.

மறுநாளே அத்தையும் நானும் சென்னைக்குச் சென்று நீண்டதைக் கொடுத்து வட்டத்தை மாற்றி வந்தோம். எந்தத் துளை எந்தப் பங்குக்கு என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்தனர். அதன்படி முரளி பெயர்களை அமைத்தான். எல்லாம் முடிந்தது என்று நான் நிமிர்ந்தபோது தலைவர் மேசையைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"இதுல கடல பாத்துனு கீற ஓட்ட எது?"

எல்லோரும் கழுத்தை நீட்டி வட்டத்தைப் பார்த்தனர்.

"இன்னிக்கு இதுன்னா, நாளைக்கு ஒர்த்தன் லேசா திருப்பி வுட்டுட்டான்னா?"

ஆகவே வட்டத்தை மேசையோடு சேர்த்து வலைநூலால் கட்டினர். மூன்று பங்கினரும் ஆளுக்கொரு முடிச்சு இட்டனர். ஒவ்வொரு பங்கின் முடிச்சும் வேறு. ஒருவர் முடிச்சை மற்றவர் அவிழ்த்து, அடையாளம் தெரியாமல் மீண்டும் போட முடியாது.

"அப்ப எனக்கு இன்னா வேல?" என்று பொன்னுரங்கம் மாமா கேட்டார்.

"முடிச்ச பாத்துக்க" என்றார் தலைவர்.

அமாவாசை வத்தத்தில் என் கணவர் கல்லடிப் பாட்டில் வலை கட்டினார். காலையில் அவர் கொண்டுவந்த கூடையே புதிய ஹப்பின் வழியே எடை காட்டிய முதற்கூடை. அதை அவர் நடுத்தராசில் வைத்தார். ஊரார் தராசைப் பார்த்தனர்; சுவரைப் பார்த்தனர்; பின்னர் என்னைப் பார்த்தனர். இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தன. என் கணவர் என்னைப் பார்க்காமல் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

கோவிந்தம்மா அத்தை மேசையருகே வந்து குனிந்தார். முடிச்சுகளுக்கு இடையே விரலை நுழைத்து, அந்த வட்டத்தின் அடியில் மூடி ஏதேனும் உண்டா என்று தடவிப் பார்த்தார்.

நான் அதைக் கடையிலேயே தடவிப் பார்த்திருந்தேன்.